குலசிங்கத்தின் ஜப்பான் பெட்டி

காதைத்தான் முதலில் கொடுப்பார் குலசிங்கம். சுவிச்சைப் போட்டுவிட்டு, கிற்றார் எதையும் செருகாமல், அம்பிளிஃபயர் பெட்டியின் முன்துணியில் வலது காதை ஒட்டியபடி தரையில் சரிந்து கிடப்பார். உள்ளேயிருந்து மெல்லிய இரைச்சல் ஒன்று வரும். அது ஏறுகிறதா, ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். பார்த்து முடியும்வரை குசினியில் கோப்பை கழுவுகிற சத்தம்கூட வரக்கூடாது.

"உஸ்... இண்டைக்கு நல்லா மூச்சு விடுது."

திருகோணமலையில் உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் அவருடைய வீடு. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகளுக்கு மின்சார வயர் இழுப்பது தொழில். வீட்டின் முன்னறையில் விருந்தாளி இருக்க ஒரேயொரு கதிரை. மற்ற இடமெல்லாம் பழைய கிற்றார் அம்பிளிஃபயர்கள். அவர் அவற்றைப் 'பெட்டியள்' என்பார். எல்லாம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த ட்ரான்சிஸ்டர் பெட்டிகள். மூடிக்கிடந்த ஹோட்டலிலிருந்து வந்தது ஒன்று, தேவாலயக் களஞ்சியத்திலிருந்து வந்தது ஒன்று, கப்பற்காரர் விட்டுப்போனது ஒன்று.

"வால்வுப் பெட்டி எண்டா எல்லாரும் விழுந்து கும்பிடுவினம். அது சூடாகுமட்டும் நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்க வேணும். இது அப்பிடியில்லை. தட்டின உடனே கதைக்கும்."

கிற்றார் வாசிக்க அவருக்குத் தெரியாது. ஒரு கம்பியை மட்டும் பெருவிரலால் இழுத்துவிட்டு, அது தேய்ந்து அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். எதிரொலிச் சுருள் உள்ள பெட்டியின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால், கப்பல் நங்கூரச் சங்கிலி இறங்குவதுபோல் உள்ளே இடிக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதை முன்னறிவித்தல் இல்லாமல் செய்து காட்டுவதில் அவருக்குச் சந்தோசம்.

அவருடைய பெரிய எதிரி உப்புக் காற்று. சப்பாத்துக் கடைகளுக்குள் போய் எதையும் வாங்காமல், சப்பாத்துப் பெட்டிகளுக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மட்டும் கேட்டு வாங்கி வருவார். அவற்றை ஒவ்வொரு அம்பிளிஃபயருக்குள்ளும் ஒளித்து வைப்பார். ஆனால் உள்ளே இருக்கும் பழைய பாகம் எதையும் தேவையில்லாமல் கழற்ற மாட்டார்.

"பிறந்தமாதிரியே இருக்க வேணும். மாத்தி மாத்திக் கொண்டு போனா அது வேற பெட்டியாப் போயிடும்."

அப்படி ஒரு திருகாணிகூட மாறாமல் அவரிடம் இருந்தது கப்பற்காரர் விட்டுப்போன ஜப்பான் பெட்டி. பச்சை விளக்கு, வெள்ளிக் குமிழ்கள். அது அறையின் நடுவில் இருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவரைப் பற்றி எழுதுவதற்காகக் கொட்பேயிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே வீட்டுக்கு வந்தேன். முன்னறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். ஜப்பான் பெட்டி இருந்த இடத்தில் சீமெந்துத் தரை சதுரமாக வெளிறித் தெரிந்தது.

"இஞ்சை இருந்த பெட்டி எங்கை?"

குசினியிலிருந்து அவருடைய மனைவி ராசமலர் கையைத் துடைத்தபடி வந்தார். "லதீசன் வந்து கேட்டவன். அவங்கட பெட்டி பழுதாப் போச்சாம். குடுத்துவிட்டனான்."

லதீசன் ராசமலரின் தம்பி. தபாற்கந்தோரில் வேலை, விடுமுறை நாட்களில் ஓர் இசைக்குழுவில் கிற்றார். பழைய மாணவர் சங்கமொன்று அன்று மாலை டச்பே கடற்கரையில் இசை நிகழ்ச்சி வைத்திருந்தது.

"அதைத் தொட வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே?"

"கீறல் விழும் எண்டு சொன்னனீங்கள். பெட்சீற் சுத்தித்தான் குடுத்தனான். என்னத்துக்கு இப்பிடி நிக்கிறீங்கள்?"

குலசிங்கம் கைபேசியை எடுத்து லதீசனை அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தார். "எடுக்கிறானில்லை." கைபேசியைச் சட்டைப்பைக்குள் போடப்போய்க் கீழே போட்டார். அதை நான் பொறுக்கிக் கொடுப்பதற்குள் வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். "இஞ்சாருங்கோ, என்ன எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ!" என்று ராசமலர் படலையில் நின்று கத்தியது ஒழுங்கை முடியும்வரை கேட்டது.

வழியில்தான் சொன்னார், காற்றில் பாதி போக, பாதி என் காதில் விழ.

"அதுக்கு ரெண்டு கம்பி வயர் தம்பி. எர்த் இல்லை. மற்றதுகளுக்கு எல்லாம் மாத்திப்போட்டன். இதுக்கு மட்டும் மனம் வரேல்லை."

"எர்த் இல்லாவிட்டால் என்ன?"

"உள்ளுக்கு ஒரு கப்பாசிற்றர் பழுது. பிளக்கை ஒரு பக்கமாக் குத்தினா ஒண்டுமில்லை. மறுபக்கமாக் குத்தினா கரண்ட் நேரா இரும்புச் சட்டத்துக்கு வரும். சட்டத்திலயிருந்து கிற்றார்க் கம்பிக்கு. ஒரு கை கம்பியில, வாய் மைக்கில... பிறகு ஆளில்லை."

"எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பிளக்கில ராசமலரின்ர நகப்பூச்சால ஒரு பொட்டு வச்சிருக்கிறன். அது மேல வரக் குத்தினாச் சரி."

"லதீசனுக்கு?"

அவர் கியரை மாற்றினார். பஸ் நிலையத்துக்கு அப்பால் மான்கள் இரண்டு வீதியின் நடுவில் நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. சாவகாசமாக நின்றன. குலசிங்கம் ஹோர்னை அழுத்தியபடியே இருந்தார்.

கடற்கரைக்குப் போனபோது தூறல் விட்டிருந்தது. மேடைப் பலகைகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. ஒலிபெருக்கிகளில் ஏதோ பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. லதீசன் பிளாஸ்டிக் கதிரையில், கால்களைக் கதிரைச் சட்டத்தின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. எறும்பு கடித்தவன்போல் ஒருமுறை விரலை உதறினான். பிறகு எழுந்தான். காற்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தான். வெறுங்கால். கிற்றாரின் கம்பிகளை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தபடி மைக்கை நோக்கி நடந்தான்.

"லதீசன்! டேய்!"

குலசிங்கத்தின் குரலைப் பாட்டு விழுங்கியது. நான் மேடைப் பக்கம் பாய்ந்தேன். என் சட்டையை அவர் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"ஆளைத் தொடாதேங்கோ! தொட்டா நீங்களும் போவியள்!"

என்னை மணலில் தள்ளிவிட்டு மேடையின் பின்பக்கம் ஓடினார். பக்கத்து மண்டபத்திலிருந்து இழுத்து வந்த தடித்த வயர் அங்கேதான் வந்து சேர்ந்தது. சவுண்ட்காரர் ஹஸ்மி அதற்குப் பக்கத்தில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குலசிங்கம் அவரைத் தாண்டிப் பாய்ந்து, இரண்டு கையாலும் பிளக்கைப் பிடுங்கினார்.

எல்லாம் நின்றது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. லதீசனின் வாய் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் திறந்தபடி இருந்தது.

"என்னண்ணன் செய்றீங்க!" என்றார் ஹஸ்மி.

"ட்ரிப் சுவிச் எங்கை?"

"தூறலுக்கு விழுந்து விழுந்து வந்திச்சு. அதால நேராக் குடுத்த நான்..." சொல்லும்போதே ஹஸ்மிக்கு முகம் மாறியது. கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் சுவிச் அது.

முன்வரிசையில் பிள்ளைகள் கதிரைகளைத் தட்டத் தொடங்கினார்கள். குலசிங்கம் மேடைக்கு ஏறி, லதீசனின் கழுத்திலிருந்து கிற்றாரைக் கழற்றிக் கதிரையில் கிடத்தினார். "இப்ப குடுங்கோ" என்றார். ஹஸ்மி பிளக்கைச் செருகினார். குலசிங்கம் சட்டைப்பையிலிருந்து கரண்ட் பார்க்கும் ரெஸ்ரரை எடுத்து, நுனியைக் கிற்றார்க் கம்பியில் வைத்தார். அதன் பிடிக்குள் இருந்த சின்ன விளக்கு செம்மஞ்சளாகப் பற்றியது.

லதீசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பி கூசுது எண்டு சொன்னனான். ஈரத்துக்கு எண்டு நினைச்சன்." பிறகு நிமிர்ந்தான். "அத்தான், இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ வீட்டுக்குள்ள வச்சிருந்தனீங்கள்?"

குலசிங்கம் ரெஸ்ரரை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா அதை ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால துடைக்கிறவா, அத்தான்."

குலசிங்கம் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, பெட்டியின் பின்னால் முழங்காலில் இருந்தார். பின்பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசித் திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தது. கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. உள்ளே, அரை விரல் நீளத்தில், மெழுகு உருகி வழிந்த கறுத்த சாமான் ஒன்று, அவர் சொன்ன கப்பாசிற்றர், இருந்தது. ஹஸ்மியின் வெட்டுக்குறட்டை எடுத்து அதன் கம்பிக் காலில் வைத்தார். பிறகு வெட்டினார். மற்றக் காலையும் வெட்டினார். வெட்டியதைக் கடல் பக்கம் எறிந்தார்.

ஹஸ்மியிடம் வயர்த் துண்டொன்று வாங்கி, பெட்டியின் சட்டத்தை மைக்குகளின் எர்த்தோடு சேர்த்து முறுக்கினார். ஹஸ்மி கேட்காமலே போய் ட்ரிப் சுவிச்சைப் பழையபடி பூட்டிவிட்டு வந்தார். மறுபடி கரண்ட் கொடுத்து ரெஸ்ரரை வைத்தபோது விளக்கு எரியவில்லை. பெட்டியின் பிளக்கைத் திருப்பிச் செருகிப் பார்த்தார். அப்போதும் எரியவில்லை.

"இப்ப சரி. வாசி."

லதீசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஏலாது அத்தான். நான் தொடமாட்டன்."

குழுவில் இருந்த மற்றவர்களும் பெட்டியிலிருந்து விலகியே நின்றார்கள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். குலசிங்கம் லதீசனைப் பார்த்தார். செருப்பு இரண்டையும் கழற்றி மேடை ஓரத்தில் விட்டார். தண்ணீர் தேங்கி நின்ற பலகையாகப் பார்த்து அதில் வெறுங்காலோடு ஏறினார். கிற்றாரைக் கழுத்தில் மாட்டினார். வாசிக்கத் தெரியாத அந்த இடது கையை முழுசாக விரித்து ஆறு கம்பிகளையும் அழுத்திப் பிடித்தார். மற்றக் கையால் மைக்கை இழுத்து, அதன் இரும்பு வலையில் உதடுகளை வைத்தார். அவருடைய மூச்சு ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.

லதீசன் வந்து, கம்பிகளில் இருந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைக்கும்வரை அவர் அதை எடுக்கவில்லை.