தலைமாட்டுக் கல்

அம்மா காரில் ஏறும்போதே சண்டையோடுதான் ஏறினாள். முன்சீட்டில் உட்கார மாட்டாளாம், பெல்ட் நெஞ்சை அழுத்துகிறதாம். பின்னால் உட்கார்ந்து மடியில் சாமந்தி மாலையும் மெழுகுவர்த்திப் பொட்டலமும் வைத்துக்கொண்டு, "ஜல்தியா ஓட்டுடா" என்று தம்பியை விரட்டினாள். முண்டியம்பாக்கம் வருவதற்குள், "இன்னாத்துக்கு இப்படிப் பறக்கற? மெதுவா போடா" என்றாள். தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஆனால் எங்கள் அவசரத்துக்குக் காரணம் திருநாள் இல்லை.

முந்தின நாள் தம்பியின் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. பெருமுக்கல் பக்கம், அப்பா ஒரு காலத்தில் உபதேசியாராக இருந்த ஊரிலிருந்து. பங்குச் சாமியார் எப்போதாவது வந்துபோகும் சின்ன ஊர்களில் செபம் சொல்லி, சாவு வீட்டில் முன்னால் நின்று, கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர்தான் உபதேசியார். செய்தி இதுதான்: கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருக்கும் இடத்தைச் சமன் செய்து பாதை போடப்போகிறார்கள். நாளை பொக்லைன் வருகிறது. அங்கே யாருக்காவது சொந்தம் இருந்தால் வந்து சொல்லலாம்.

சுவருக்கு வெளியே இருப்பது யார் என்று எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞானஸ்நானம் வாங்காமல் இறந்த குழந்தைகளைச் சாமியார் மந்திரித்த மண்ணில் புதைக்க மாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் குழி வெட்டுவார்கள். இப்போது சாமியார்களே அதெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். ஊர்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கும் தம்பிக்கும் முன்னால் அம்மாவுக்கு அந்த ஊரில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. ஒரு நாள்கூட முழுசாக இருக்கவில்லை. அம்மா ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தாள். அப்பா பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குச் செபம் சொல்லப் போயிருந்தார். அம்மா கண் விழித்தபோது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் வந்தப்ப மூச்சு இருந்துச்சு. தண்ணி ஊத்திட்டேன்" என்றாராம். உயிர் பிரியும் நேரத்தில் சாமியாருக்குக் காத்திராமல் உபதேசியாரே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும். "தலமாட்டுல ஒரு கல்லு நட்டிருக்கேன்" என்றும் சொன்னாராம். அதற்குமேல் அவர் சாகும்வரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போதெல்லாம் கல்லறைவரை போவதில்லை. அதனால் அம்மா அன்று பார்க்கவில்லை. அப்புறம் அப்பாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கம் மாறி எல்லாக் கல்லறைக்கும் போகத் தொடங்கிய பிறகும் அந்த ஊர்க் கல்லறைக்கு மட்டும் அவள் போகவேயில்லை. கேட்டால் முட்டிவலி என்பாள். போனால் உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். அப்பாவின் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே இத்தனை காலத்தையும் ஓட்டிவிட்டாள்.

விக்கிரவாண்டி டோலில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. பொக்லைன் எத்தனை மணிக்கு வரும் என்று செய்தியில் இல்லை. அம்மாவோ சாலையோரம் விற்பனைக்கு வைத்திருந்த அம்மிகளைப் பார்த்துவிட்டுப் பழைய கதையை ஆரம்பித்தாள். கல்யாணச் சீராக வந்த அம்மியின் குழவியை அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரி திருடிவிட்டாளாம்.

"நான் சுயநெனவு இல்லாம கெடக்கறேன், அவ குழவிய தூக்கிக்கினு போய்ட்டா. முனையில சில்லு போயிருக்கும், எங்க பாத்தாலும் சொல்லிடுவேன். அவகிட்ட அதுக்கப்பறம் நான் பேசவே இல்ல."

"ஒரு கொழவிய வச்சி அவங்க இன்னாம்மா பண்ணப் போறாங்க?" என்றான் தம்பி.

"திருடறவளுக்கு காரணம் வேணுமா?"

திண்டிவனம் தாண்டி மரக்காணம் சாலையில் திரும்பியதும் அம்மாவுக்குத் திடீரென்று பக்தி பொங்கியது. அப்பா பார்த்துக்கொண்ட மற்ற இரண்டு ஊர்க் கோயில்களையும் முதலில் பார்க்க வேண்டுமாம். பெருமுக்கல் மலை தெரிகிற முதல் ஊரில் கோயில் பூட்டியிருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த பழைய கோபுரம், உச்சியில் முளைத்த அரசங்கன்று. பின்னால் கல்லறைகளில் துருப்பிடித்த இரும்புச் சிலுவைகள் மழையில் சாய்ந்திருந்தன. அம்மா ஒவ்வொன்றின் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவசரமே இல்லாததுபோல நிதானமாக வாசித்தாள். இரண்டாவது ஊரில் பழைய கோயிலை இடித்து டைல்ஸ் ஒட்டிப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அங்கேயும் ஒரு சுற்று. ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் நின்று, அப்பா சைக்கிளோடு விழுந்த இடம் இதுதான் என்று காட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீ வேணும்னே லேட் பண்ற" என்று கத்திவிட்டேன். "அங்க மெஷின் வந்துட்டா இன்னா பண்ணுவ?"

"வந்தா வரட்டுமே. அது செவுத்துக்கு வெளியதான தோண்டுது? எம்புள்ள உள்ள இருக்கான்."

தம்பி வண்டியை எடுத்தான்.

மூன்றாவது ஊரில் கோயிலைத் தாண்டும்போதே இயந்திரச் சத்தம் கேட்டது. கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் கோயில் கமிட்டிக்காரர் நின்றிருந்தார். அப்பாவைத் தெரிந்த வயசு. "உபதேசியார் வூட்டம்மாவா? வாங்க வாங்க" என்றார். அம்மா அவருக்குச் சரியாக வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளே நடந்தாள். தம்பி வெயிலுக்குக் குடையோடு பின்னால் ஓடினான். சின்னக் கல்லறைகள் இருந்த வரிசையில் ஒவ்வொரு தலைமாட்டாகக் குனிந்து பார்த்தாள். நடுவில் ஒரு சிமெண்டுச் சிலுவைக்கு முன் நின்று பெயரைப் படித்தாள். "கொழவி திருடி இங்கதான் கெடக்கறா" என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தி வைக்காமலே நகர்ந்தாள்.

நான் கேட்டுக்கு வெளியே வந்து சுவரை ஒட்டி நடந்தேன். பொக்லைன் அந்தக் கோடியிலிருந்து கருவேலஞ்செடிகளை வேரோடு வழித்துக்கொண்டு வந்தது. மண்ணில் மேடு பள்ளம் தவிர ஒன்றும் இல்லை. சிலுவை இல்லை, பெயர் இல்லை. அப்பாடா என்று திரும்பப் போனேன். அப்போதுதான் சுவருக்கு ஒரு முழம் தள்ளி, புல்லுக்குள் அது நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். உருளையான கருங்கல். கையால் புல்லை ஒதுக்கினேன். மேல்முனையில் சில்லு போயிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா தம்பியிடம், "அந்த மூலையில பாரு, மண்ணு மூடியிருக்கும்" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. அப்பா வந்தபோது பிள்ளைக்கு மூச்சு இருந்திருக்காது; கோயிலுக்கு அந்த உண்மையைச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் பொய் சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கல் மண்ணோடு போய்விடும், அம்மா உள்ளே தேடிக் களைத்து, எங்கேயோ மண் மூடிக் கிடக்கிறான் என்று நிம்மதியாக வீட்டுக்கு வருவாள். சத்தியமாக அப்படித்தான் செய்ய நினைத்தேன். இரும்புக் கை இறங்கி எனக்கு முன்னால் இருந்த மேட்டை அள்ளியது. அள்ளிய மண்ணில் ஒன்றும் இல்லை, வேர்தான். ஆனாலும் அது அடுத்து எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று என்னையறியாமல் அலறினேன்.

டிரைவர் நிறுத்தினார். சத்தம் நின்றதும் சுவருக்கு அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. அம்மா கேட்டைச் சுற்றிக்கொண்டு வர நேரமானது. வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தாள். மெதுவாக மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலைச் சில்லு போன இடத்தில் வைத்தாள்.

"இது நம்ம கொழவி" என்றாள்.

தம்பி அவள் தோளைத் தொட்டான். தட்டிவிட்டாள். அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"பொய் சொல்லிட்டாரே. என் மூஞ்சப் பாத்து பொய் சொல்லிட்டாரே இந்த மனுஷன்." அப்புறம் கொஞ்சம் கழித்து, "வெறுங்கையா போவ மனசு வரல போலருக்கு. வூட்ல இருந்ததத் தூக்கிக்கினு வந்திருக்காரு" என்றாள். மாலையை எடுத்துக் கல்லுக்குப் போட்டாள். நானும் அழுதேன். தம்பியும் அழுதான்.

கமிட்டிக்காரர் பின்னால் வந்து நின்றார். "பரவால்லம்மா, மெஷின வேற பக்கம் ஓட்டச் சொல்றேன். ஆனா பாதை இதுலதான் வருது" என்றார்.

"உள்ள வச்சிக்கறோம். கல்லையும் ஒரு கை மண்ணையும்" என்றான் தம்பி.

அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "எனக்கொண்ணும் இல்ல தம்பி. ஊர்ல பெரியவங்க கேப்பாங்க. வெளிய இருக்கறது ஞானஸ்நானம் இல்லாத கொழந்தைங்கதான..."

நான் சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

"யாருங்க சொன்னது? இவங்கப்பா உபதேசியாருங்க. அவரே தண்ணி ஊத்தினாரு. நான் பக்கத்துல இருந்து ரெண்டு கண்ணால பாத்தேன். எடம் தெரியாம யாரோ வெளிய வச்சிட்டாங்க."

கமிட்டிக்காரர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரே கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார்.

தம்பி குழவியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரு கைகளிலும் ஏந்திக்கொண்டான். மண்ணை அம்மாவே முந்தானையில் முடிந்துகொண்டாள். சின்னக் கல்லறைகளின் வரிசையில் இடம் இருந்தது. அங்கேதான் போவாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கடந்து, பக்கத்து வீட்டுக்காரியின் சிமெண்டுச் சிலுவைக்கு முன்னால் நின்றாள். பொட்டலத்தைப் பிரித்து முதல் மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றினாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது, விடாமல் ஏற்றினாள்.

"இங்கயே நடுடா" என்றாள். "இவதான் தூக்கிக்கினு போனான்னு ஊரெல்லாம் சொன்னேன். இனிமே இவளே பாத்துக்கட்டும்."