வெறும் வயிற்றோடு வந்த கருப்பையா அண்ணன்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாரடைப்புத் தடுப்புக் குழு தொடங்கிய அன்று, எல்லோருக்கும் நெய் வடியக் கேசரி கொடுத்தார்கள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வீடுவீடாகப் போய் பிரஷர் பார்ப்பது தன்னார்வலர் செல்வி. ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது நர்ஸ் மேரி. மாத்திரை எழுதுவது டாக்டரம்மா. எடுத்துக் கொடுப்பது பார்மசிஸ்ட்டாகிய நான்.

கீரமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த கருப்பையா அண்ணன், சொன்ன தேதிக்கு ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்துவிடுவார். வரும்போதெல்லாம் பிரஷர் எகிறி நிற்கும். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவார். அடுத்த மாதமும் எகிறும், மறுபடி கூட்டுவார். வீட்டில் பார்த்தால் குறைவாகத்தான் இருக்கிறது, எழுந்தால் கிறுகிறுக்கிறதாம் என்று செல்வி வந்து சொன்னார். நாங்கள் கூடி ஆலோசித்து, செல்வியின் மிஷினுக்கு பேட்டரி மாற்றினோம்.

ஒரு காலை, பூப் பறிக்கையில் விழுந்தவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கண் செருகியிருந்தது. மேரி டிரிப்புக்கு நரம்பு தேட, பிரஷர் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கொஞ்சமும் பதறாமல் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கி, "நூத்தி எண்பது மேடம்" என்றேன்.

"சார், பட்டை ஒங்க கையில இருக்கு" என்றார் மேரி.

அண்ணனுக்கு அதில் பாதிகூட இல்லை.

மாத்திரை எப்படிப் போடுகிறார் என்று டாக்டரம்மா அவர் மனைவி ராக்காயி அக்காவை விசாரித்தார்.

"வீட்டுல ஒண்ணு விடாமப் போட்டுருவாருங்க. இங்கிட்டு வாறப்பதான், வெறும் வயித்தோட வரச் சொன்னீங்கள்ல, மொத நா ராத்திரியிலேருந்தே மாத்திரைய நிப்பாட்டிருவாரு. வெரதம் மாதிரி."

மாத்திரை போடாத நாளின் பிரஷரைப் பார்த்துத்தான் மாதாமாதம் அளவைக் கூட்டியிருக்கிறோம். வெறும் வயிறென்றாலும் பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிட்டு வரலாம் என்று நான் சொல்லியிருப்பேன் என மேரி நினைத்திருந்தார். செல்வி சொல்லியிருப்பார் என்று நான். டாக்டரம்மா சொல்லியிருப்பார் என்று செல்வி. டாக்டரம்மா ஃபேனைப் பார்த்தார்.

விழுந்ததில் முறிந்த இடுப்பெலும்புக்குப் புதுக்கோட்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் இருக்கிறது, தோட்டத்துக்கு நடக்கக் காலில் தெம்பில்லை. மாத்திரை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்போது அளவைக் குறைத்துவிட்டோம் என்று வீட்டுக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தேன்.

"நோவுல விழல தம்பி. ஒங்க மருந்துலதான் விழுந்தேன்" என்றார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: குழு வேலையில், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று தோன்றினால் யாருமே சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்டுவிட்டுப் பட்டையைச் சுற்றுங்கள். முடிந்தால் அவர் கையில்.

ராக்காயி அக்கா மாதாமாதம் அண்ணனின் மாத்திரையை வாங்க வருகிறார். போடுகிறாரா என்று கேட்டால், "நீங்க குடுங்க தம்பி" என்கிறார்.

கொடுக்கிறேன்.