அடைப்புக்குறிக்குள் நான் எழுதியவை

மேடம் முதலில் அச்செடுத்துக் கொடுத்த புத்தகத்தில் நாற்பது பக்கம் இருந்தது. என் எழுத்து ஒன்றுகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் புரோகிராமின் பெயர், அதற்குக் கீழே வெறும் தாள். பெங்களூர் பொம்மசந்திராவில் என் பட்டறை நடுவே நின்று அதைப் புரட்டியபோது காது சூடாகிப்போனது.

நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவன். இரும்பைக் கடையும் சிஎன்சி மெஷின்களுக்கு நானே புரோகிராம் எழுதக் கற்றேன். பட்டம் வாங்கியவர்கள் இரண்டு நாள் திணறிய வேலையை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்திருக்கிறேன். இன்று ஒன்பது மெஷின் ஓடுகிறது, அன்று நான்கு. புரோகிராமில் அடைப்புக்குறிக்குள் எதை எழுதினாலும் மெஷின் கண்டுகொள்ளாது. என் ஆட்களுக்கு வேண்டியதை அங்கேதான் எழுதுவேன், தமிழை ஆங்கில எழுத்தில். ‘ஆயில் விட்டுட்டு ஆரம்பி.’ ‘கதவைத் திறக்காதே, எருமை.’

எங்களுக்கு வேலை கொடுத்த பம்பு கம்பெனி, புரோகிராம்களுக்கு விளக்கப் புத்தகம் இருந்தால்தான் ஆர்டர் தொடரும் என்று சொல்லிவிட்டது. திங்கட்கிழமை அவர்கள் ஆய்வாளர் வருவதாக ஏற்பாடு. அதற்காக வந்தவர்தான் மேடம். ஐடி வேலையை விட்டுவிட்டுச் சிறு பட்டறைகளுக்குத் தனியாகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். புரோகிராமுக்குள் இருக்கும் குறிப்புகளைப் பொறுக்கிப் புத்தகமாக்கும் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது.

“சார், குறிப்புக்கு முன்னாடி ஒரு ஸ்டார் இருந்தாத்தான் இது எடுக்கும்.”

“நான் எழுதினதுக்கு ஸ்டார் வேறயா? எல்லாத்தையும் எடுக்கச் சொல்லும்மா.”

செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினார். இரண்டாவது புத்தகத்தில் எல்லாம் வந்தது, எருமை உட்பட. எனக்கொரு பழக்கம்: பழைய வரியை அழிக்க மாட்டேன், அடைப்புக்குறி போட்டு முடக்கி வைப்பேன். அந்தச் செத்த வரிகளும் விளக்கம் என்று வந்து உட்கார்ந்திருந்தன. மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சும்மா என்பது அவர் வாயில் கன்னடத்துச் ‘சும்னே’யாகத்தான் வரும்.

“சும்னே எல்லாத்தையும் போட்டா இதான் சார் வரும். எது பேச்சு, எது கழிச்சதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஸ்டார நீங்களே போடுங்க.”

செட்டிங்கைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். ‘இங்கே வேகம் ஏத்தாதே. ஏத்தி நானே டூலை உடைச்சேன்.’ என் ஆட்கள் படிக்கலாம். ஆர்டர் கொடுப்பவன் படிப்பதா?

மேடம் கண்ணில் அதுதான் பட்டது.

“இதுக்கு ஏன் சார் போடல?”

“அது வேண்டாம்மா. வெளியாளு முன்னாடி எதுக்கு?”

“மத்ததெல்லாம் என்ன செய்யணும்னு சொல்லுது. இது ஒண்ணுதான் சார், ஏன்னு சொல்லுது.”

அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கீபோர்டை என் பக்கம் நகர்த்திவிட்டு காபி குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் போட்டுவிட்டேன். எத்தனையோ பேர் என்னோடு வாதாடித் தோற்றிருக்கிறார்கள். அவர் வாதாடாமலே ஜெயித்தார்.

திங்கட்கிழமை வந்த ஆய்வாளர் கன்னடக்காரர், தமிழ் நன்றாக வரும். மெஷின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன் சார் இந்த எடத்துல இவ்ளோ ஸ்லோ? ஏத்துங்க, இன்னும் நாலு பீஸ் வரும்.”

மேடம் புத்தகத்தை விரித்து நீட்டினார். ஆய்வாளரின் விரல் வரி வரியாக இறங்கி, அந்த இடத்தில் நின்றது.

“யாரு ஒடச்சது?”

“நான்தான்!” என்றேன், ஷெட்டின் அந்தக் கோடி வரை கேட்கும்படி.

அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எங்கே கையெழுத்துப் போடுவது என்று மேடத்தைக் கேட்டார்.