ஃபெலெத்தி வாத்தியாரின் கொக்கி

டோங்கா தீவுகளின் தலைநகரான நுகுஅலோஃபாவில் ஃபெலெத்தி வாத்தியார் என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது கொக்கிதான். டோங்கா மொழியில் தொண்டை ஒரு நொடி அடைத்துத் திறக்கும் இடத்தில் போடவேண்டிய சின்னக் குறி அது. போட்டால் 'ஹஉ': வா. விட்டால் 'ஹௌ': வென்றவன். ஒரு கொக்கிக்கு இத்தனை அடியா என்று கேட்ட பிள்ளைக்கு இன்னும் இரண்டு விழும். முப்பத்தைந்து வருஷம் இப்படியே ஓட்டினார் மனுஷன்.

பள்ளிக்கூடத்தோடு விட்டிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். ஆக்லாந்துக்கு வேலைக்குப் போன மகள் அலிசி எழுதிய கடிதங்களையும் சிவப்பு மையில் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பினார். அம்மா செத்தபோது வர முடியவில்லையே என்று அழுது எழுதினாள். அதிலும் பதினோரு கொக்கி போட்டு அனுப்பினார். பெற்ற அப்பன் செய்கிற காரியமா இது? ஆறு வருஷம் அவளிடமிருந்து கடிதம் இல்லை, ஃபோன் இல்லை. வெளியே வீறாப்பாகத்தான் திரிந்தார். ஆனால் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று உள்ளே வெந்துகொண்டிருந்தார்.

போன மே மாதம் பக்கத்து வீட்டு லெசியெலி ஆக்லாந்திலிருந்து லீவில் வந்தாள். ஒரு யு.எஸ்.பி. குச்சியை நீட்டினாள்.

"அலிசி ஏர்போர்ட்டுக்கே வந்து குடுத்தா மாமா. நீங்க கட்டாயம் கேக்கணுமாம். என்னன்னு என்கிட்டகூடச் சொல்லலை."

கூடத்து ஸ்டீரியோவில் செருகினார். 'ஃபைல் இல்லை' என்றது. எடுத்து ஊதி, துடைத்து, மறுபடி செருகினார். ஸ்விட்சை அணைத்துப் போட்டார். மூன்று நாளும் இதே கதை. சர்ச் பாட்டுக் குச்சியைச் செருகினால் மட்டும் கணீரென்று பாடியது. அப்படியானால் செட்டில் கோளாறு இல்லை. வெறுங்குச்சியை அனுப்பி நக்கல் பண்ணுகிறாள்.

லெசியெலி கிளம்பும்போது, "அவகிட்ட என்ன சொல்லட்டும் மாமா?" என்றாள்.

"வெறுங்குச்சிக்கு வெறும் பேச்சுகூடக் கிடையாதுன்னு சொல்லு."

ஜூலையில் அலிசிக்குக் கல்யாணம் ஆன செய்தி சர்ச் ஆட்கள் மூலம் வந்தது. சர்ச்சில் அப்பன் செய்யவேண்டிய முறைக்கு, மாப்பிள்ளையின் மாமாதான் அவளைக் கைபிடித்து அழைத்துப் போனாராம். "அப்பனுக்குச் சொல்லாத கல்யாணம்" என்று ஊர் ஆண்கள் கூடிக் காவா வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில் எல்லார் காதிலும் விழும்படி ஏசினார் வாத்தியார்.

செப்டம்பரில் ஸ்டீரியோ கரகரத்தது. மார்க்கெட் பக்கத்தில் கடை வைத்திருக்கும் சித்தானியிடம் தூக்கிப் போனார். சித்தானி அவரிடம் அடிவாங்கிப் படித்தவன். கரகரப்பைச் சரிசெய்துவிட்டு, "ஏதாவது குச்சி இருந்தா குடுங்க, போட்டுப் பாப்போம்" என்றான். பையில் கிடந்த அந்தக் குச்சியைக் கொடுத்தார்.

"இது காலிடா."

சித்தானி கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தான். "காலி இல்லியே வாத்தியாரே, ஒரு ஃபைல் இருக்கு. பேர்ல உங்க கொக்கி. இந்தப் பழைய செட்டுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். கொக்கியைப் பாத்தா ஃபைலே இல்லைன்னு சாதிக்கும். அதை நீங்க அடிச்சுப் படிக்கவைக்கலை பாருங்க."

ஃபைல் பேரிலிருந்த கொக்கியை எடுத்துவிட்டுக் குச்சியை ஸ்டீரியோவில் செருகினான். அலிசி பேசினாள்.

"அப்பா, எழுதினா திருத்துவீங்க, அதான் பேசறேன். ஃபைல் பேரை மட்டும் எழுதித்தானே ஆகணும், அகராதி பாத்து சரியா எழுதியிருக்கேன். ஜூலைல எனக்குக் கல்யாணம். வேற யாருக்கும் இன்னும் சொல்லலை. நீங்கதான் என் கையைப் பிடிச்சு அழைச்சுட்டுப் போகணும். டிக்கெட் எடுத்துட்டேன். வாங்கப்பா."

சித்தானி ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தக் கொக்கியைத் திரும்பப் போட்டுடு" என்றார் வாத்தியார்.

"போட்டா பேசாது வாத்தியாரே."

'ஹஉ தமாய்' என்று மகள் வைத்த பேர் அது. வா அப்பா. கொக்கி போன பேர் செட்டின் சின்னத் திரையில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஹௌ தமாய். வென்றவர் அப்பா.