ஒன்பது ஆசீர்வாதங்கள்

என் மைத்துனருக்குத் திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணம். பூதலூரிலிருந்து வேனில் பதினெட்டுப் பேர் போனோம். மாயவரம் வரைக்கும் மூன்று முறை தலைகளை எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தும் நிம்மதி இல்லை. என் மகனின் பெண் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். பொறியியல் விண்ணப்பத்தை என் மகனே போனில் நிரப்பி வைத்துவிட்டான். மறுநாள் காலை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. "உனக்கு இதுல இஷ்டமா?" என்று கேட்டால் பேத்தி, "தெரியலை தாத்தா" என்பாள். அந்தத் 'தெரியலை'தான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

கோயிலில் அன்று பதினோரு ஜோடிகள். புகை, மேளம், கூட்டம். மைத்துனருக்குக் காது மந்தம். குருக்கள் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று செய்ய, ஆளாளுக்கு அவர் காதருகே கத்தினார்கள். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றும் நேரம் வந்தது. காதுக் கருவி நனைந்துவிடுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. பேத்திதான் ஓடிப்போய் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். பிறகு அவருக்கு எதிரே நின்று, ஒவ்வொன்றாக, மெதுவாக உதட்டசைத்துச் சொன்னாள். அதன்பின் அவர் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை.

சடங்கு முடிந்ததும் பேத்தி பெரியவர்கள் ஒன்பது பேர் காலிலும் விழுந்து எழுந்தாள். எங்கள் குடும்பத்தில் ஆசீர்வாதம் என்றால் உத்தியோகத்தோடுதான் வரும். நான்கு டாக்டர், மூன்று இன்ஜினியர், ஒரு கலெக்டர். "டாக்டராகி என் முட்டி வலிக்கு ஊசி போடணும், காசு கேக்கக் கூடாது" என்றாள் ஒருத்தி. ஒன்பதாவதாக, பாங்க் ஆபீசர் என்று நானும் சொல்லி வைத்தேன்.

பத்தாவது என் மகள். அரசுப் பள்ளி ஆசிரியை. குனிந்தவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்டி, நெத்தி தேஞ்சுடும். காலையிலேருந்து யாரும் சொல்லாம நீயா என்ன செஞ்சே, சொல்லு."

"ஒண்ணும் செய்யலையே அத்தை."

"யோசி."

"தாத்தாவோட மிஷினைக் கழட்டி வெச்சேன். அப்புறம் அவருக்கு எடுத்துச் சொன்னேன்."

"ஏன்?"

"எல்லாரும் கத்துறாங்க அத்தை. அவருக்குச் சத்தம் கேக்குது, வார்த்தைதான் புரியலை. கத்தினா வாய் கோணிப்போகுது, அதையும் பார்த்துப் புரிஞ்சுக்க முடியாது. எனக்கு எரிச்சலா வந்துச்சு." சொல்லிவிட்டு அவளே சற்று வியந்து நின்றாள்.

"காது கேக்காதவங்களுக்கு உதவுறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு. உனக்கு அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். கருவி பொருத்துற இடத்துல போய் ஒருநாள் உக்காந்து பாரு. சலிச்சா சலிச்சுதுன்னு வந்து சொல்லு."

அவ்வளவுதான். கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள இவளுக்கு எப்படி முடிகிறது? நான் எந்தக் கேள்வி கேட்டாலும் பதிலையும் நானே சொல்லி முடிப்பவன்.

திரும்பும்போது, விண்ணப்பத்தை இப்போதே அனுப்பிவிடலாமென்று மகன் போனை எடுத்தான். பேத்தி தடுத்தாள்.

"கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்குப்பா. அதுக்குள்ள நான் ஒரு இடம் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

எண்ணி வைத்திருக்கிறாள். என் பேத்திதான்.

"அத்தை சொன்ன படிப்பா? அதைப் படிச்சா யாரு வேலை குடுப்பா?" என்ற மகன், முன்சீட்டிலிருந்த மைத்துனரிடம், "மாமா, கும்பகோணத்துல காபிக்கு நிறுத்தவா?" என்று கத்தினான். அவர் விழித்தார். இன்னும் பலமாகக் கத்தினான்.

"முன்னாடி போய் முகத்தைக் காட்டிக் கேளுங்கப்பா" என்றாள் பேத்தி.

முணுமுணுத்துக்கொண்டே போய், அவர் முகத்துக்கு நேரே குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"காபி வேண்டாம்டா. ஒண்ணுக்குப் போகணும். மாயவரத்துலேருந்து அடக்கிட்டிருக்கேன்."

"சொல்றதுக்கென்ன மாமா?"

"சொன்னா நீங்க எல்லாரும் சேர்ந்து கத்துவீங்களே!"

வேனே சிரித்தது. மகன் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரைக் கைப்பிடித்து இறக்கிக் கூட்டிப்போனான். வந்து உட்கார்ந்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் தங்கை பக்கம் திரும்பினான்.

"அந்தக் கருவி பொருத்துற இடம் தஞ்சாவூர்ல எங்க இருக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டான்.