கம்பளித் தொப்பிக்கு மேல் மாட்டிய காதுக்கவசம்

மெஷினை நிறுத்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை. இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் யூகலிப்டஸ் மரங்களை அறுத்துக்கொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் கை கால் கழுவி உட்கார்ந்தால் காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல ஒரு கீச்சொலி. தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைத்தேன். ஆரம்பத்தில் போனது. பிறகு போகவே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அக்கரப்பத்தனையில் பிறந்து, கொழும்பில் கட்டட வேலை, கல் உடைக்கும் இடம், தேயிலை உருட்டும் அறை என்று அலைந்தவன். போன இடமெல்லாம் சத்தமான வேலைதான் வாய்த்தது.

என் மனைவி செல்விதான் முதலில் கண்டுபிடித்தாள்.

“ஏங்க இப்படிக் கத்துறீங்க? நான் என்ன எதிர்மலையிலயா கொழுந்து எடுக்கிறேன்?”

“நான் எங்க கத்துறேன்?”

“இந்தா, இதுக்குப் பேருதான் கத்துறது. பக்கத்து வீட்டுல நாம சண்டை போடுறோம்னு நெனைக்கிறாங்க.”

நுவரெலியாவுக்கு அவள்தான் இழுத்துப் போனாள். ஆஸ்பத்திரியில் மூடிய அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒலி இன்னும் வரவில்லை என்று நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. தாளில் ஒரு கோடு நேராக வந்து சட்டென்று சரிவதைக் காட்டினார். இரைச்சலால் வந்த கேள்திறன் இழப்பு (உட்காதிலுள்ள மயிர் போன்ற நுண்ணிய செல்கள் செத்துப்போவது). அவை திரும்ப முளைக்காது, மருந்தும் கிடையாது. கீச்சொலிக்குப் பெயர் காதிரைச்சல் (வெளியே ஒலி இல்லாதபோதும் காதுக்குள் கேட்பது).

“காதுக்கு ஒண்டும் போடுறேல்லையோ?”

“போடுறேன் டாக்டர். கவசம் இருக்கு. தொப்பிக்கு மேல மாட்டிக்கிறேன்.”

“தொப்பிக்கு மேலயோ? ஏன் அப்பிடிப் போட்டனீங்கள்?”

“குளிருதுங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கவசத்தின்ர விளிம்பு தோலோட ஒட்டி இருக்கவேணும். இடையில கம்பளி இருந்தா அந்த இடுக்கால சத்தம் உள்ள போகும். போனது போனதுதான். இருக்கிறதையாவது காப்பாத்துங்கோ.”

குளிர்மலையில் வேலை செய்கிற பலர் செய்கிற தவறு இது. அதனால் எழுதுகிறேன். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டி இருந்தால் அந்த இடம் காதைத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு அடைப்பது வீண். ஆலைக்குள் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு ஸ்பொஞ்சு போன்ற நுரைக் காதடைப்பான் பொருந்தும். சுத்தமான கையால் மெல்லிய திரியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் போட்டதற்கு அர்த்தமில்லை. கழுவித் திரும்பப் போடும் ரப்பர் அடைப்பானும் உண்டு. கையில் மண்ணும் எண்ணெயுமாக, விட்டு விட்டு மெஷின் ஓட்டுகிறவர்களுக்குக் கவசம் வசதி. காதில் சீழ் வடிந்தால் எதையும் உள்ளே திணிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே ஓடுங்கள். அதற்கு வைத்தியம் உண்டு, தாமதித்தால் பலிக்காது. மரம் அறுக்கும்போது நான் அடைப்பானும் போட்டு அதன்மேல் கவசமும் மாட்டுகிறேன். தொப்பி சட்டைப்பையில். குளிருக்குக் கழுத்தில் துண்டு.

வேலைக்குத் திரும்பிய அன்று, தொப்பி இல்லாமல் அடைப்பானும் கவசமுமாக நின்ற என்னை மேற்பார்வை பார்க்கும் ராசண்ணன் மேலும் கீழும் பார்த்தார்.

“என்னா பைலட்டு, ஹெலிகொப்டர எங்க எறக்கியிருக்கீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் குரல் மாறியது. “கழட்டுப்பா. மரம் சாயறப்ப கத்துனா ஒனக்குக் கேக்குமா?”

“மெஷின் ஓடுறப்ப யாருக்குண்ணே கேட்டிருக்கு?”

“வாய் பேசாத. வேற ஆளு கெடைக்கும்.”

“கூப்பிடுங்க” என்று மெஷினைக் கீழே வைத்தேன். வேலை போனால் அடுத்த ஊர். அது எனக்குப் பழக்கம். காது போனால் அடுத்த காது கிடையாது.

அன்றைய மரம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் கூரைகள் மேல் சாய்ந்து நின்றது. மற்றவர்கள் அதைத் தொட மறுத்திருந்தார்கள். ராசண்ணன் மூடுபனி கலையும்வரை போனில் ஆள் தேடினார். பிறகு வந்து நின்றார்.

“சரி, என்னதான் செய்யணுங்கிற?”

“மரம் விழாத பக்கமா, எட்டத்துல, என் கண்ணுல படுற மாதிரி ஒரு ஆளு நிக்கணும். கையில செவப்புத் துணி. தூக்கினா நிறுத்திடுவேன்.”

“யாரு நிக்கிறது?”

“நீங்களே நில்லுங்கண்ணே. கத்துற வேல மிச்சம்.”

லயத்தில் இருந்தவர்களை வெளியேற்றி, மரத்தைக் கயிற்றால் மேட்டுப்பக்கம் இழுத்துக் கட்டினோம். கயிறு தளர்ந்தபோது துணி உயர்ந்தது, நிறுத்தினேன். இறுக்கிய பிறகு அறுத்தேன். மரம் மேட்டில் விழுந்தது. ஒரு தகரம்கூட நசுங்கவில்லை.

மறுபடி செய்த சோதனையில் கோடு மேலும் சரியவில்லை. ஏறவும் இல்லை. காதிரைச்சல் இருக்கிறது. அதோடு சாப்பிடுகிறேன், அதோடு தூங்குகிறேன். முன்பு பொழுது சாய்ந்தால் நாள் முடிந்தது என்பேன். இப்போது காது சொல்கிறது. அது இரைவது கூடினால், வெயில் மிச்சமிருந்தாலும் மெஷினைத் தொடமாட்டேன்.

வயதானால் எல்லோருக்கும் கேட்கும் திறன் மங்கும் என்றார் டாக்டர். மங்கட்டும். வயது தன் பங்கை மெதுவாக வந்து வாங்கிக்கொள்ளட்டும். மெஷினுக்கு இனி நான் ஒன்றும் கொடுப்பதாக இல்லை.