அத்தை ஏலம் கேட்ட நாள்

எங்கள் அத்தைக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம், விட்டுவிட்டு வந்த புருஷனும் வேண்டாம். கரையில் ஏலம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சாந்தோமில் கடலை ஒட்டியிருந்த எங்கள் குப்பத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆண்பிள்ளை கிடையாது. கட்டுமரம் வந்து மீனைக் கொட்டினால் நாலைந்து வியாபாரிகள் சுற்றி நின்று ஏலம் கேட்பார்கள். பெண்கள் தள்ளி நிற்க வேண்டும். வியாபாரிகள் கழித்துப் போட்ட மீனை, அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கி, தெருத்தெருவாகச் சுமந்து விற்க வேண்டும். இது யார் போட்ட சட்டம் என்று அத்தை கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, சட்டம் சட்டம்தானாம்.

"ஒரு கட்டுமரத்து மீனை நீ ஒருத்தி எட்த்துகினு போயி யார் தலையில கட்டுவே?" என்று வியாபாரிகளில் பெரியவர் கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்குப் பதில் தேடித்தான் அத்தை அடையாற்றங்கரையில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்குப் போய் வந்தாள். அங்கே இருந்த பட்லர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு மாதம் தினமும் காலை ஏழு மணிக்குள் எட்டு வஞ்சிரம், ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்குக் குறையாமல் வர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அத்தோடு சரி. தவறாமல் வந்தால் வருஷம் பூராவும் வாங்குவார், பக்கத்துப் பங்களாக்களுக்கும் சொல்லிவிடுவார். அது மட்டும் கைக்கு வந்துவிட்டால் மறுநாளே ஏலத்தில் போய் நிற்பேன் என்றாள் அத்தை. அந்த மீனை வியாபாரிகளிடமே கூடுதல் விலை கொடுத்து வாங்கினாள். அவள் தலையில் ஆறு மீன், என் சின்னக் கூடையில் இரண்டு. எனக்கு அப்போது எட்டு வயது.

கஷ்டம் தூரத்தில் இல்லை, வழியில் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் "எறக்கும்மா" என்று கூப்பிடுவார்கள். கூடையை இறக்கினால் முதலில் கேட்டவருக்குப் போணி பண்ணியாக வேண்டும். போணிக்கு வந்தவரை வெறுங்கையாக அனுப்புவது எங்களில் பெரிய பாவம். அதனால் அத்தை கூடையை இறக்குவதே இல்லை. கழுத்து ஒடிந்தாலும் சரி, அடையாற்றில்தான் இறக்கம். அவளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. ஒரு நாள் மீன் தெரியாமல் இருக்கட்டும் என்று மேலே சுள்ளியைப் பரப்பிக்கொண்டாள். யுத்த காலம், விறகுக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. மீனுக்கு வந்ததைவிட அதிகம் பேர் துரத்தி வந்தார்கள். மந்தைவெளியில் ஒரு மாமி விடவே இல்லை.

"ஏண்டிம்மா, ஆத்துல அடுப்பு எரியலை. நாலு சுள்ளியாவது போட்டுட்டுப் போயேன்!"

"கிட்ட வராதே மாமி, அப்பால நீ ரெண்டு தபா குளிக்கணும்" என்று அத்தை ஓட்டமாக ஓடினாள். மறுநாளிலிருந்து சுள்ளி இல்லை.

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. முந்தின நாள் கடல் கொந்தளிப்பு. அலைந்து திரிந்து, சண்டை போட்டு, கணக்காக எட்டே மீன் சேர்த்திருந்தாள். சாந்தோம் ரோட்டில் என் பள்ளிக்கூட டீச்சர் வீட்டு வாசலில் டீச்சரே நின்றிருந்தார். அவர் மகள் பிள்ளை பெற்று மூன்று நாள் ஆகியிருந்தது. எத்தனையோ வருஷமாக அத்தையிடம்தான் மீன் வாங்குவார்.

"பிள்ளை பெத்தவளுக்கு ஒரே ஒரு மீன் குடுத்துட்டுப் போயேன்" என்றார்.

"நாளைக்கி ஊட்டுக்கே கொண்டாறேன் டீச்சரம்மா. இன்னிக்கி எறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அத்தை நிற்காமல் நடந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்ன பொம்பளை இவள், கல்நெஞ்சக்காரி! பிரம்பு எடுக்காமலே வகுப்பை நடுங்க வைக்கிற டீச்சர், கண் கலங்கி நிற்கிறார். நான் பின்தங்கி நின்றேன். என் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து டீச்சர் கையில் வைத்துவிட்டு ஒரே ஓட்டம். எட்டுக்கு ஏழு, ஒன்றுதானே குறைகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். நான் கணக்கில் மக்கு என்று சதா சொல்லிக்கொண்டிருந்ததும் அதே டீச்சர்தான்.

பட்லர் எண்ணினார். மறுபடி எண்ணினார். "துரைக்கு விருந்தாளிங்க எட்டுப் பேரு. ஏழு மீனை வச்சு நான் என்னம்மா பண்ணட்டும்? நாளையிலேர்ந்து வர வேணாம்" என்று ஏழு மீனையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தை என் கூடையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"டீச்சர் கேட்டாங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சர்தான், நட."

திரும்பும் வழியில் அடையாற்றுப் பாலத்தின் நடுவில் வந்ததும் நின்றாள். தொலைந்தோம், ஆற்றில் தள்ளப் போகிறாள் என்று கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏ குட்டி, நாம பங்களாவுக்கு இன்னாத்துக்கு வந்துகினு இருந்தோம்?"

"மீன் குடுக்க."

"மீன் குடுக்கவா? ஏலம் கேக்கடி!"

அதன் பிறகு அவள் நடந்த நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. நான் கரைக்கு வந்து சேர்ந்தபோது ஒரு கட்டுமரத்து மீன் மணலில் குவிந்து கிடந்தது. அத்தை வியாபாரிகளை விலக்கிக்கொண்டு நடுவில் நின்றிருந்தாள்.

"பங்களா போச்சு. போவட்டும். நான் பங்களாவுக்காகவா பொறந்தேன்? ஏலம் கேக்கணும்னு சொன்னேன், கேக்கறேன்."

பெரியவர் ஒரு தொகை சொன்னார். அத்தை அதற்கு மேலே சொன்னாள். ஏலம் போடுகிறவர் காது கேளாதவர் மாதிரி கடலைப் பார்த்தார். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். பிறகு ஏற்றிக் கேட்க ஆள் இல்லை. பொம்பளையோடு போட்டி போட பெரியவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஏலக்காரர் "ஒரு தரம்" என்றார். வெகுநேரம் கழித்து "ரெண்டு தரம்" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார். காற்று அடிக்கிறது, அலை அடிக்கிறது, மனுஷர் வாயைத் திறக்கவில்லை.

"மூணு தரம்!" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுத் தன் காலிக் கூடையைக் குவியல்மேல் கவிழ்த்தாள்.

"மீனை இன்னாமே பண்ணுவே?" என்று பெரியவர் கத்தினார்.

அத்தை தள்ளி நின்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். "இன்னாடி வேடிக்கை? கூடையக் கொண்டாங்க. கழிச்சுப் போட்டது இல்ல, நல்ல மீனு. பொறுக்கிகினு போங்க. வித்துட்டு அந்தியில காசு குடுங்க" என்றாள்.

முதலில் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் ஒருத்தி வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, பெரிய பெரிய மீனாகத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மீன் கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் ஒரு படகின் பின்னால் பதுங்கி, எப்போது அடி விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தும் விழவில்லை. இந்தக் கூச்சலில் அத்தை என்னை மறந்தே போய்விட்டாள் என்று எண்ணி, கோயிலுக்கு ஓடி, முழங்கால் போட்டு, தப்பித்தேன் என்று மாதாவுக்கு நன்றி சொன்னேன்.